கல் விழும் இடத்தில் நிற்காதீர்கள்: பாறையேற்றம் பழக வருபவர்களுக்கு

பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் சுமார் ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரம். பட்டுக்கூடுச் சந்தைக்குப் பேர்போன ஊர். எங்களைப் போன்றவர்கள் அங்கே போவது ஊரைச் சுற்றி நிற்கும் பாறைக் குன்றுகளுக்காக. ஒரு பிப்ரவரி சனிக்கிழமை காலை நான்கு பேர் போயிருந்தோம். முதலில் ஏறியவர் எங்களில் மூத்தவர், சேலத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணா. கீழே கயிறு பிடித்தது நான். என் ஹெல்மெட் பையின் மேல் இருந்தது. என் முறை வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

பாறையில் கால் வைக்கும் முன் அண்ணா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் பைக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, அண்ணாந்து பார்க்க வசதியான இடத்தில் நின்றிருந்தேன். "தம்பி, அங்க நிக்காத. உள்ள வா. சுவரோட ஒட்டி, கொஞ்சம் வலப்பக்கமா நில்லு" என்றார். போய் நின்றேன்.

இருபது மீட்டர் உயரத்தில் அவர் இடது கையால் ஒரு பாறைச் செதிலைப் பிடித்தார். அது கையோடு வந்துவிட்டது. "கல்லு! கல்லு!" என்ற குரல் கேட்டது, கூடவே கயிறு வெடுக்கென்று இழுத்தது. சுவரோடு முகத்தை வைத்து அழுத்திக்கொண்டேன். மேலே ஒரு திட்டில் மோதிய சத்தம், பிறகு காற்றில் விர்ரென்று ஒரு சத்தம், பிறகு முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தது போல ஒன்று. தீபாவளி அன்று காலையில் தெருவில் வருமே, வெடித்துத் தீர்ந்த வெடியின் வாசனை, அதே வாசனை. கல்லும் கல்லும் மோதினால் அப்படித்தான் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அம்மிக் குழவியில் பாதி இருக்கும் அந்தக் கல். என் பையின் மேல் விழுந்திருந்தது. பைக்குள் இருந்த எவர்சில்வர் டிபன் டப்பா தட்டையாகி, மூடி உள்பக்கமாக மடங்கி, எலுமிச்சை சாதம் பையின் தையலுக்கு வெளியே பிதுங்கியிருந்தது. ஹெல்மெட் ஒரு கீறல்கூட இல்லாமல் பக்கத்தில் உருண்டு கிடந்தது. அண்ணா இரண்டு மீட்டர் கீழே கயிற்றில் தொங்கிக்கொண்டு, "அடி பட்டுச்சா? பேசு, தம்பி, பேசு!" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்குக் குரல் வரச் சற்று நேரமானது.

இப்போது நிறையப் பேர் நகரத்து உள்ளரங்குச் சுவர்களில் ஏறப் பழகிவிட்டு, ஒருநாள் நண்பர்களோடு நேரே நிஜப் பாறைக்கு வருகிறார்கள். கயிறு, முடிச்சு, கை பலம் எல்லாம் அவர்களிடம் இருக்கும். உள்ளரங்கில் கல் விழாது என்பதால் அந்த ஒரு பாடம் மட்டும் இருக்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல் ஏன் விழுகிறது

ராமநகரத்தின் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் பழையது. ஊரின் பழைய ஆங்கிலப் பெயரை வைத்துப் புவியியலாளர்கள் அதைக் குளோஸ்பேட் கிரானைட் என்பார்கள். இவ்வளவு பழைய கருங்கல் எப்படிக் கழன்று வரும் என்று தோன்றும். வெங்காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூமிக்குள் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் உருவான பாறை அது. மேலே இருந்த சுமை காலப்போக்கில் அரிக்கப்பட்டுப் போனதும் கொஞ்சம் விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகப் பாளம் பாளமாக விரிசல் விடுகிறது. பகல் வெயிலில் விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கி, அந்த விரிசல் ஆண்டுதோறும் மயிரிழை மயிரிழையாக வளர்கிறது. மழைநீர் மண்ணைக் கொண்டுபோய் உள்ளே வைக்கிறது. அதில் ஒரு செடி முளைக்கிறது, வேர் இறங்குகிறது. வெளியே பார்த்தால் உறுதியான பிடிமானம், உள்ளே ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் சில்லு.

தீயும் இதே வேலையைச் செய்கிறது. கன்னடப் பகுதிக் கல்லுடைப்பவர்கள் பாறை மேல் விறகை எரித்தே பெரிய பெரிய பாளங்களைப் பெயர்த்தெடுத்தவர்கள். கோடையில் குன்றில் காய்ந்த புல் எரிந்தாலும் பாறைத் தோல் அப்படியே கழன்று நிற்கும். கரி படிந்த பாறையைப் பார்த்தால் அந்தப் பக்கம் புதியவர்கள் போக வேண்டாம் என்பேன்.

கல் தானாக விழுவதைவிட யாராவது தள்ளி விழுவதே நம் பக்கம் அதிகம். ஏறுபவரின் கை, கால், பாறை மேல் இழுபடும் கயிறு, குன்றின் உச்சியில் செல்ஃபி எடுக்க வருபவர்கள், கீழே ஆள் இருப்பது தெரியாமல் கல் எறிந்து விளையாடும் பிள்ளைகள், ஆடுகள், குரங்குகள். வட கர்நாடகத்துப் பாதாமியின் செம்மணற்கல் சுவர்களுக்குக் கீழே நிற்பவர்கள் குரங்குக் கூட்டத்தின் மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

இருபது மீட்டரிலிருந்து விழும் கல் தரைக்கு வர இரண்டு நொடி. வந்து சேரும்போது வேகம் மணிக்கு 71 கிலோமீட்டர். முப்பது மீட்டர் என்றால் இரண்டரை நொடி, 87 கிலோமீட்டர். இரண்டு நொடியில் யோசித்து, திரும்பி, ஓடி ஒதுங்க முடியாது. கல் கிளம்பும்போது நீங்கள் எங்கே நின்றீர்களோ அங்கேதான் பெரும்பாலும் கல் வரும்போதும் நிற்பீர்கள். அதனால்தான் எங்கே நிற்பது என்ற கேள்வியை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன்.

ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு கணக்கு. மலையேற்ற ஹெல்மெட்டுகளுக்கான ஐரோப்பியச் சோதனையில் 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து அதன் உச்சியில் போடுகிறார்கள். தலைக்குக் கடத்தப்படும் விசை ஓர் எல்லைக்குள் இருந்தால்தான் தேறும். கிரிக்கெட் பந்து அளவுள்ள கருங்கல் அரைக் கிலோ இருக்கும். அது இருபது மீட்டரிலிருந்து விழுந்தால் சரியாக அதே ஆற்றல். ஆக, பந்து அளவு கல் வரை ஹெல்மெட் உங்களுக்காக நிற்கும். என் பை மேல் விழுந்த கல்லுக்கு எந்த ஹெல்மெட்டும் ஈடு இல்லை. சின்னக் கல்லுக்கு ஹெல்மெட், பெரிய கல்லுக்கு நிற்கும் இடம். இரண்டும் வேண்டும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

குறைந்தது மூன்று பேராகப் போங்கள். இரண்டு பேர் மட்டும் போய், கீழே இருப்பவருக்கு அடிபட்டால், மேலே தொங்குபவரை இறக்க ஆள் இல்லை.

எந்தக் குன்று, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2003 ஏப்ரலில் ஆரோன் ரால்ஸ்டன் என்பவர் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் தனியாக இறங்கினார். இடுக்கில் செருகி நின்ற பாறையொன்று அவர் பிடித்ததும் நழுவி வலது கையைச் சுவரோடு நசுக்கிக்கொண்டது. எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. தேடி யாரும் வரவில்லை. ஐந்து நாளுக்கு மேல் காத்திருந்து, கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டுதான் வெளியே வந்தார். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பருவத்தைப் பாருங்கள். பருவமழை விட்ட முதல் வாரம் வேண்டாம். விரிசல்களில் ஊறிய மண் அப்போதுதான் இளகும். மற்ற நாட்களிலும் நல்ல மழைக்குப் பின் குறைந்தது இரண்டு மூன்று நாள் வெயில் காயட்டும். மணற்கல்லுக்கு இன்னும் கூடுதலாக. ஈரமான மணற்கல் வலுவிழந்துவிடும், நல்ல பிடிமானம்கூடப் பொடிந்து வரும். சில குன்றுகள் வனத்துறையின் கீழ் வருபவை. ராமநகரத்திலேயே பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம் இருக்கிறது. அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

ஹெல்மெட் வாங்கும்போது

"வண்டி ஹெல்மெட் போதாதா?" என்று வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். போதாது. காதை மூடும், மேலே பார்க்க விடாது, அரைமணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள். கட்டட வேலைக்கான மஞ்சள் தொப்பியும் வேண்டாம். எங்காவது மாட்டினால் கழுத்தை நெரிக்கக் கூடாது என்று அதன் நாடாவை 15 முதல் 25 கிலோ இழுவையிலேயே விட்டுவிடும்படி செய்திருப்பார்கள். ஏறுபவர் விழும்போது அது தலையில் இருக்காது. மலையேற்ற ஹெல்மெட்டின் நாடா 50 கிலோ வரை தாங்க வேண்டும். உள்பக்கம் இஎன் 12492 என்ற ஐரோப்பியத் தர எண்ணோ, சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏ-வின் முத்திரையோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

போட்டுப் பார்க்கும்போது நாடா மாட்டாமல் தலையைக் குனியுங்கள். ஓரளவு நிற்க வேண்டும். நெற்றியை மூட வேண்டும். அம்மன் கிரீடம் போலப் பின்னால் சாய்த்துப் போட்டு நெற்றியைத் திறந்து வைப்பவர்கள் அதிகம், அப்படிப் போடாதீர்கள். பழைய ஹெல்மெட்டை யாராவது இலவசமாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது எதன் மேல் எத்தனை முறை விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைத்தாலும் பிளாஸ்டிக் கெடும்.

எப்போது போடுவது? பாறையடிக்கு வந்து சேர்வதற்கு முன்பே. எப்போது கழற்றுவது? அங்கிருந்து விலகி நடந்த பிறகு. ஏறுபவரைவிடக் கீழே நிற்பவருக்கு அது கூடுதல் தேவை. நான் அன்று செய்தது இதற்கு நேர் எதிர்.

பாறையடிக்கு வந்ததும்

பையை இறக்காதீர்கள். முதலில் தரையைப் பாருங்கள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டால்கூட எனக்குப் போதும்.

பழைய கல் கறுத்திருக்கும், பாசி பிடித்திருக்கும், பாதி மண்ணில் புதைந்திருக்கும். புதிதாக விழுந்த கல்லின் உடைந்த முகம் வெளுத்தோ இளஞ்சிவப்பாகவோ பளிச்சென்று இருக்கும், விளிம்பு கையை அறுக்கும், சருகுக்கு மேல் கிடக்கும். அப்படிப்பட்ட சில்லுகள் எங்கே சிதறியிருக்கின்றன, சுவரிலிருந்து எத்தனை தூரம் வரை போயிருக்கின்றன என்று நடந்து பாருங்கள். உடைந்த புதர்க் கிளை, மரத்தண்டில் தோல் உரிந்த வடு, எல்லாம் கல் போன பாதை. பிறகு நிமிர்ந்து சுவரைப் பாருங்கள். சுற்றிலும் கறுத்த பாறையில் ஒரு இடம் மட்டும் புதிதாக வெளுத்திருந்தால், அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அதன் பக்கத்துச் செதில்கள் அடுத்த முறைக்குக் காத்திருப்பவை. கீழே இருக்கும் சில்லுகளையும் மேலே இருக்கும் வடுவையும் மனதால் கோடு போட்டு இணையுங்கள். அந்தக் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, சாப்பிடக் கூடாது.

அப்படியே தேன்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நம் குன்றுகளில் மலைத்தேனீ பாறையின் தொங்கு முகட்டில்தான் கூடு கட்டும். ஒரு கல் போய் அதில் பட்டால் அன்று கல்லைவிடப் பெரிய ஆபத்து வந்து சேரும். கூடு இருந்தால் வேறு பக்கம் போங்கள்.

பையையும் சாப்பாட்டையும் ஓய்வெடுக்கும் ஆட்களையும் அந்தச் சில்லுகள் சிதறிய எல்லைக்கு வெளியே, பக்கவாட்டில் வையுங்கள். ஆபத்து ஏறுகிற நேரத்தில் மட்டும்தான் என்று நினைப்பது தவறு. 2017 செப்டம்பர் 27 அன்று அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள எல் கேப்பிட்டன் சுவரிலிருந்து பெரும் பாளம் பெயர்ந்து விழுந்ததில் ஒரு பிரிட்டிஷ்காரர் இறந்தார், அவர் மனைவி படுகாயமடைந்தார். இருவரும் அனுபவமுள்ளவர்கள். அந்த நேரத்தில் அவர்கள் ஏறிக்கொண்டிருக்கவில்லை, சுவருக்குக் கீழே தரையில் இருந்தார்கள். மறுநாள் அதே சுவரிலிருந்து அதைவிடப் பெரிய சரிவு. பூங்காவை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த ஒருவரின் கார்க் கூரையைத் துளைத்துக்கொண்டு கல் உள்ளே வந்து தலையில் பட்டது. ஒருமுறை விழுந்த இடத்தில் மறுபடி விழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வேறு குழு ஏற்கெனவே மேலே இருந்தால் அவர்களுக்கு நேர் கீழே போகாதீர்கள். காத்திருங்கள், அல்லது வேறு பாதை பிடியுங்கள். உச்சிக்கு நடைபாதை இருந்தால் உங்களில் ஒருவர் போய், மேலே இருப்பவர்களிடம் "கீழே ஆள் இருக்கோம், கல் தட்டாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரட்டும். பெரும்பாலும் மக்கள் நல்லபடியாகவே கேட்டுக்கொள்கிறார்கள்.

கயிறு பிடிப்பவர்

கீழே நின்று கயிற்றைக் கட்டுப்படுத்துவதை பிலே என்கிறோம், செய்பவர் பிலேயர். அவர் நிற்க வேண்டியது சுவருக்கு அருகில், ஏறுபவரின் நேர்க்கோட்டிலிருந்து ஓரிரு அடி பக்கவாட்டில். சுவர் கொஞ்சம் முன்னால் துருத்தியிருந்தால் அதன் அடியில். கல் பெரும்பாலும் எங்காவது மோதி வெளிப்பக்கம் தெறிக்கும். சுவரை ஒட்டி நிற்பவரைத் தாண்டிப் போகும். தள்ளி நின்றால் இன்னொரு கெடுதல், ஏறுபவர் விழும்போது கயிறு உங்களைச் சுவரை நோக்கி இழுத்துக்கொண்டு போகும்.

கருவி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கயிறு திடீரென்று இழுபட்டால் தானே இறுக்கிப் பிடிக்கும் வகையைச் சேர்ந்த பிலே கருவியைத்தான் புதியவர்கள் வைத்திருக்க வேண்டும். 1991-இல் வந்த கிரிகிரி அதில் பிரபலமானது. சாதாரணக் கருவியில் பிலேயர் தலையில் கல் பட்டு மயங்கினால் கயிறு ஓடிவிடும். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். தானே பிடிக்கும் கருவி என்றாலும் அதற்காக பிரேக் கையை, அதாவது கயிற்றைப் பிடித்திருக்கும் கையை, எடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை, கை எப்போதும் கயிற்றில்தான். அன்று கல் கழன்று அண்ணா விழுந்த நொடியில் நான் சுவரில் முகம் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரைப் பிடித்து நிறுத்தியதில் என் கைக்கு எவ்வளவு பங்கு, கருவிக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் சொல்ல முடியாது.

மேலே போகிறவர்

சந்தையில் மண்பானை வாங்கும்போது அம்மா என்ன செய்வார்? விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் எடுப்பார், பொத்தென்றால் வைத்துவிடுவார். சிற்பிகளும் சிலைக்குக் கல் தேரும்போது தட்டி ஓசை கேட்டே தேர்கிறார்கள். பாறையில் பிடிமானத்தையும் அப்படித்தான் தேர வேண்டும்.

முதலில் பாருங்கள். பிடிக்கப்போகும் செதிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் விரிசல் ஓடுகிறதா? விரிசலில் மண் இருக்கிறதா, புல் முளைத்திருக்கிறதா? பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டுங்கள். மற்றக் கையை அதே செதிலின் மேல் லேசாக வைத்துக்கொண்டு தட்டினால் இன்னும் நல்லது. காதுக்கு ஓசை வரும் முன் விரலுக்கு அதிர்வு வரும். உறுதியான பாறை திண்ணையைத் தட்டியது போல மொத்தையாக, அசைவில்லாமல் இருக்கும். கழன்ற செதில் பெட்டியைத் தட்டியது போல உள்ளே வெற்றிடம் காட்டும். சந்தேகம் வந்தால் விடுங்கள். வேறு பிடி தேடுங்கள், ஒரு நகர்வு கடினமாக இருந்தாலும் சரி.

அதைத் தொடாமல் போக வழியே இல்லை என்றால் கீழ்நோக்கி மட்டும் எடையைப் போடுங்கள், வெளிப்பக்கம் இழுக்காதீர்கள். புத்தக அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கை வைத்து அழுத்தினால் புத்தகம் நிற்கும், முதுகைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும். கால் வைக்கும்போதும் இதே கவனம். பலர் கைப்பிடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அதே செதிலில் பிறகு முழு உடல் எடையோடு காலை வைத்து உதைப்பார்கள்.

கொஞ்சம் தேறிய பிறகு நீங்களே விரிசலுக்குள் விரிந்து இறுகும் கேம் போன்ற பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தக் கற்றுக்கொள்வீர்கள். அப்போது ஒன்றை மறக்காதீர்கள். விழும்போது கேமில் எவ்வளவு எடை வருகிறதோ அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு அது இருபக்கமும் பாறையைத் தள்ளும். மெல்லிய செதிலுக்குப் பின்னால் வைத்தால் கடப்பாறை போட்டு நெம்புவது போலத்தான்.

உச்சிக்குப் போனதும் கவனம் தளரும், அதுதான் இயல்பு. ஆனால் சரளையும் உதிரிக் கல்லும் அதிகம் இருப்பது உச்சியின் விளிம்பில்தான். மெதுவாகக் கால் வையுங்கள். கயிற்றை உதிரிக் கல் மேல் இழுக்காதீர்கள். ராப்பல், அதாவது கயிற்றில் இறங்குவது, முடிந்து கீழிருந்து கயிற்றை உருவும்போது, உருவுபவரைத் தவிர எல்லோரும் விலகி நிற்க வேண்டும், உருவுபவர் கயிற்றின் நுனி வரும் நேரத்தில் சுவரை ஒட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றோடு கல் வருவது சர்வ சாதாரணம்.

கல் கிளம்பிவிட்டால்

கத்துங்கள். எங்கள் கூட்டத்தில் "கல்லு!", வேற்று மொழிக்காரர்கள் இருந்தால் "ராக்!". கிளம்பும் முன் எல்லோரும் ஒரே சொல்லை ஒப்புக்கொள்ளுங்கள். விழுந்தது கோலிக்குண்டு அளவு என்றாலும், கல்லே இல்லாமல் கேரபினரோ (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி) தண்ணீர் பாட்டிலோ என்றாலும் அதே சொல்தான். "ஐயோ, சாரி, பாத்து" என்று தொடங்கினால் அதற்குள் கல் கீழே வந்திருக்கும். கேட்டவர்கள் எல்லோரும் திருப்பிக் கத்த வேண்டும், தூரத்தில் இருப்பவருக்கும் போய்ச் சேரட்டும். சின்னக் கல்லுக்குக் கத்தினால் சிரிப்பார்களோ என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். தயவுசெய்து தயங்காதீர்கள். யாரும் சிரிக்க மாட்டோம்.

கீழே சுவருக்கு அருகில் இருந்தால்: அண்ணாந்து பார்க்காதீர்கள். குரல் கேட்டதும் தலை தானாக மேலே திரும்பும், அதுதான் முகத்தைக் கல்லுக்குக் கொடுப்பது. சுவரோடு ஒட்டி, தோளைக் குறுக்கி, முகத்தைப் பாறைப் பக்கம் வையுங்கள். பிரேக் கை கயிற்றில். முதுகுப்பை மாட்டியிருந்தால் கழுத்துக்குப் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். சுவரிலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பவர்களுக்கு மட்டும் விதி வேறு. அவர்கள் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்று, கடைசியாக எங்கே மோதித் திரும்புகிறது என்று பார்த்து விலக வேண்டும். முன்கூட்டியே ஓடுபவர் கல் தெறிக்கும் பக்கமே ஓடிப்போவது நடக்கும்.

மேலே இருப்பவர், பெரிய கல் கையில் பாதி கழன்று நிற்கிறது என்றால், முடிந்தவரை திரும்ப அழுத்தி வைத்துவிட்டுக் கத்த வேண்டும். கீழே எல்லோரும் ஒதுங்கி "சரி" என்ற பிறகு மெதுவாக நகர வேண்டும்.

முதல் கல் விழுந்ததும் வெளியே வராதீர்கள். இரண்டாவது வரும். முப்பது வரை எண்ணுங்கள்.

கல் நின்ற பிறகு

ஒவ்வொருவரும் பெயர் சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும். பதில் வராதவரிடம் ஓடுவதற்கு முன் மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அதே கோட்டில்தான் அவர் இருப்பார்.

யாருக்கும் எதுவும் இல்லையென்றாலும் அன்றைக்கு அந்தப் பாதை போதும். ஏறுபவரை மெதுவாக இறக்குங்கள். பிறகு கயிற்றை முழுவதும் விரல்களுக்கு இடையில் விட்டு உருவிப் பாருங்கள். மேலுறை கிழிந்து உள்ளே வெள்ளை நார் தெரிந்தாலோ, எங்காவது நசுங்கி மெத்தென்று இருந்தாலோ, அந்தக் கயிறு இனி துணி காயப்போடத்தான். எங்கள் கயிற்றில் அப்படி ஒரு இடம் இருந்தது, நுனியிலிருந்து ஆறு மீட்டரில். கல்லின் விளிம்பு உரசிப் போயிருக்கிறது. அதை அங்கேயே வெட்டினோம். கல் பட்ட ஹெல்மெட்டும் அப்படித்தான், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

அடிபட்டிருந்தால்

முதலில் ஆளைக் கல் விழும் கோட்டிலிருந்து நகர்த்த வேண்டும், கழுத்தை அசைக்காமல், முடிந்த அளவு குறைந்த தூரம். மூச்சு தடையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். மூச்சு விடுவதில் சிரமம் இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அதுதான் எண். எங்கும் 112-ம் உண்டு. குன்றின் பெயரோடு, வண்டி வரக்கூடிய கடைசி இடத்தையும் சொல்லுங்கள், ஒருவர் அங்கே போய் நிற்கட்டும்.

மயங்கிக் கயிற்றில் தொங்குபவரை உடனே இறக்க வேண்டும். அசைவில்லாமல் ஹார்னஸில் (கயிற்றோடு இணைக்கும் இடுப்பு, தொடைப் பட்டை) தொங்குவதே உயிருக்கு ஆபத்து.

தலையில் பட்டவர் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார். நம்பி வண்டி ஓட்ட விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, ஒரு கண்மணி பெரிதாக இருப்பது, எழுப்ப முடியாத தூக்கம், இவற்றில் எது வந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரி. ஒருநாள் முழுக்க அவரைத் தனியாக விடக் கூடாது.

இமயமலைக்குப் போகிறவர்களுக்கு

டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் உள்ள மலையேற்றப் பயிற்சி நிலையங்களுக்கு இங்கிருந்து பலர் போகிறார்கள். அங்கே கணக்கு வேறு. நீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருக்கிறது. இரவில் விரிசலுக்குள் உறைந்து பாறையை நெம்பிய பனிக்கட்டி, காலையில் வெயில் பட்டதும் உருகி விட்டுவிடுகிறது. அதனால் பாறை உருளும் ஓடைகளை விடிவதற்கு முன், ஒருவர் பின் ஒருவராக, நிற்காமல் கடக்க வேண்டும். படமெடுக்க நிற்காதீர்கள். பிரான்ஸில் மோன் பிளாங் சிகரத்துக்குப் போகும் பிரபலமான வழியில் இப்படி ஒரு ஓடை இருக்கிறது. 2022 கோடை வெப்பத்தில் அங்கே கல் பொழிந்ததைப் பார்த்து, மலையடிவார ஊரின் மேயர், ஏறப் போகிறவர்கள் மீட்புக்கும் இறுதிச் சடங்குக்குமாக 15,000 யூரோ முன்பணம் கட்டிவிட்டுப் போகட்டும் என்றே சொன்னார்.

அடுத்து வருபவருக்கு

அன்று திரும்பும் முன் அண்ணா பக்கத்துப் பாதை வழியாக ஏறி, செதில் கழன்ற இடத்துக்குப் போய்த் தட்டிப் பார்த்தார். வலப்பக்கம் இன்னொரு செதில் பெட்டி போல ஒலித்தது. கை வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளை சாக் பொடியால் அதன் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டு இறங்கினார். உலகம் முழுக்க ஏறுபவர்கள் புரிந்துகொள்ளும் குறி அது, இதைத் தொடாதே என்று அர்த்தம். நீங்களும் கழன்ற பிடியைக் கண்டால் போட்டுவிட்டு வாருங்கள், அங்கே வழக்கமாக ஏறுபவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் சாக் பொடி ஒரு மழைக்குக் கரைந்துவிடும். பருவமழை முடிந்து முதல்முறை போகும்போது பழைய குறி எதுவும் இருக்காது. கீழிருந்து மேல்வரை புதிதாகத் தட்டிப் பார்த்து, புதிதாகக் குறி போடுங்கள்.